படக்கதைக்குப் புதிய வாசகர் எங்கே?

அமெரிக்காவில் ஒரு சின்னஞ்சிறு காசு உண்டு. அதன் பெயர் "டைம்". மதிப்பு 10 சென்ட்.

1938-ஆம் ஆண்டில் அந்தக் காசு ஒன்று கையில் இருந்தால் போதும். சிறுவன் ராஜா ஆகிவிடுவான்! தெருமுனைக் கடைக்கு ஓடுவான். காசை நீட்டுவான். ஒரு படக்கதைப் புத்தகம் வாங்குவான்.

அட்டையில் ஒரு மனிதன் மோட்டார் காரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். யார் அவன்? அவன்தான் "சூப்பர்மேன்". உலகம் முழுதும் பேர் பெற்ற அந்த வீரன் முதன்முதலாகத் தோன்றியது அந்த 10 சென்ட் புத்தகத்தில்தான். புத்தகத்தின் பெயர் "ஆக்‌ஷன் காமிக்ஸ்".

அதே புத்தகத்தின் ஒரு பிரதி 2014-ஆம் ஆண்டு ஏலத்துக்கு வந்தது. என்ன விலைக்குப் போனது தெரியுமா? 32 லட்சம் டாலர்!

அந்தப் புத்தகத்தை வாங்கியவர் அதைப் பிரித்துப் படிக்கப்போவது இல்லை. அழுக்குப் படாமல், காற்றுப் படாமல் பெட்டகத்தில் பூட்டி வைப்பார். பழம்பொருளுக்கு அதுதான் மரியாதை.

ஆனால் படக்கதை பழம்பொருள் ஆகலாமா? சிறுவர் கையில் கசங்கவேண்டியது பெட்டகத்தில் தூங்கலாமா? இன்று பல நாடுகளில் படக்கதை வெளியிடுவோரை உறுத்தும் கேள்வி இதுதான். பழைய வாசகர்கள் இருக்கிறார்கள். அன்போடு வாங்குகிறார்கள். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. புதிய வாசகர் எங்கே?

அமெரிக்காவின் கதையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

சோப்புக் கம்பெனி கொடுத்த பரிசு

படக்கதை முதலில் தனிப் புத்தகமாகப் பிறக்கவில்லை. பத்திரிகையில்தான் பிறந்தது.

1890-களில் நியூயார்க் நகரப் பத்திரிகைகளுக்குள் கடும் போட்டி. ஞாயிறு மலரில் வண்ணப் படங்கள் போட்டு வாசகர்களை இழுத்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு மொட்டைத் தலைப் பையனின் படம் ஊரையே சிரிக்கவைத்தது. பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த மக்கள் அந்த நகரில் ஏராளம். ஆங்கிலம் சரியாகத் தெரியாத வீட்டிலும் படம் புரிந்தது!

1933-இல் ஓர் அச்சகத்தாருக்கு யோசனை ஒன்று தோன்றியது. ஞாயிறு மலரில் வந்த படக்கதைகளைச் சேர்த்துச் சிறு புத்தகமாக அச்சடித்தார்கள். "புராக்டர் அண்டு கேம்பிள்" என்ற சோப்புக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. சாமான் வாங்கி, கூப்பனை அனுப்பியவர்களுக்கு அந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தது.

பரிசுப் புத்தகத்துக்கு நல்ல வரவேற்பு. மறு ஆண்டு, 1934-இல், "ஃபேமஸ் ஃபன்னீஸ்" என்ற புத்தகம் 10 சென்ட் விலையில் கடைக்கு வந்தது. அதன்பிறகு எத்தனையோ கம்பெனிகள்! எத்தனையோ வீரர்கள்! வாத்து பேசியது. எலி வண்டி ஓட்டியது. மனிதன் பறந்தான்.

கண்ணில் பட்டது, காலில் இடறியது

அந்த வெற்றிக்கு என்ன காரணம்?

முதல் காரணம் விலை. 10 சென்ட் என்பது சிறுவனே சேர்த்துவிடக்கூடிய காசு. அப்பாவிடம் கெஞ்ச வேண்டியது இல்லை. விலை 1960-களின் தொடக்கம் வரையில் ஏறவில்லை. செலவு ஏறியபோது பக்கத்தைக் குறைத்தார்களே தவிர, விலையைத் தொடவில்லை.

இரண்டாவது காரணம் இடம். பத்திரிகைக் கடையில் கிடைத்தது. மிட்டாய்க் கடையில் கிடைத்தது. மருந்துக் கடையில் கிடைத்தது. ரயில் நிலையத்தில் கிடைத்தது. அம்மா மருந்து வாங்கப் போவாள். கூடப் போகும் பிள்ளை, கம்பி ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றிப் புத்தகம் பார்க்கும். படக்கதை வாங்கவேண்டும் என்று யாரும் வீட்டிலிருந்து கிளம்பவில்லை. போகிற வழியில் அது காலில் இடறியது!

மூன்றாவது காரணம் முழுமை. அநேகமாக ஒவ்வொரு புத்தகத்திலும் கதை தொடங்கும்; அங்கேயே முடியும். சென்ற மாதப் புத்தகத்தைப் படிக்காதவனும் இந்த மாதப் புத்தகத்தைப் படிக்கலாம்.

குறைந்த விலை, பக்கத்துக் கடை, முழுக் கதை. இந்த மூன்றும் இருந்தவரையில் புதிய வாசகரைத் தேட வேண்டிய வேலையே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பெரிய பிள்ளைகள் விலகிப் போனார்கள். சிறிய பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

பயம் வந்தது!

1954-ஆம் ஆண்டு பேரிடி விழுந்தது.

ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனநோய் மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். "படக்கதை படித்துத்தான் சிறுவர்கள் கெட்டுப் போகிறார்கள்" என்பது அவருடைய வாதம். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க செனட் சபையின் குழு விசாரணை நடத்தியது. பெற்றோர் பயந்தார்கள். அதற்கு முன்பே சில ஊர்களில் படக்கதைகளைக் குவித்துத் தீ வைத்ததும் உண்டு.

அந்நாளில் சில புத்தகங்களில் ரத்தமும் கொடூரமும் இருந்தது உண்மை. ஆனால் சிலது கெட்டது என்பதற்காக எல்லாவற்றின்மீதும் பழி விழுந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, கேரல் டில்லி என்ற ஆய்வாளர் அந்த மருத்துவரின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். சிறுவர்கள் சொன்ன விவரங்களை மருத்துவர் பல இடங்களில் மாற்றியும் திரித்தும் எழுதியிருக்கிறார் என்று 2012-இல் எடுத்துக்காட்டினார்.

பதிப்பாளர்கள் அன்று தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டுக்கு அடங்கிய புத்தகத்தின் அட்டையில் முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரை 2011 வரையில் நீடித்தது!

முத்திரை வந்தது. ஆனாலும் போன மரியாதை உடனே திரும்பவில்லை. "படக்கதையா? அதைக் கீழே வை, பாடத்தை எடு!" என்ற குரல் வீட்டுக்கு வீடு கேட்டது. புதிய வாசகன் கடையில் காசு கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டில் ஒளிக்காமல் படிக்கவும் முடியவேண்டும். அந்த உரிமை அன்று பறிபோனது.

கடை மாறியது

இதற்கிடையில் டெலிவிஷன் வந்துவிட்டது. கடைக்காரருக்கும் வேறு கணக்கு இருந்தது. 10 சென்ட் புத்தகத்தை விற்றால் அவருக்கு என்ன கிடைக்கும்? அதே இடத்தில் விலை உயர்ந்த பத்திரிகையை வைத்தால் அதிக லாபம்! மெல்ல மெல்லக் கம்பி ஸ்டாண்டுகள் காணாமல் போயின.

1970-களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். படக்கதை ரசிகர்களைக் கூட்டி மாநாடு நடத்தியவர். அவர் பதிப்பாளர்களிடம் சொன்ன யோசனை இது:

"எனக்கு விலையில் அதிகமாகத் தள்ளிக் கொடுங்கள். விற்காத பிரதியை நான் திருப்பி அனுப்பமாட்டேன்."

அதுவரையில் விற்காத பிரதிகளைக் கடைக்காரர்கள் அட்டையைக் கிழித்து அனுப்பி, காசைத் திரும்பப் பெற்றுவந்தார்கள். பதிப்பாளருக்கு அது பெரிய நஷ்டம். ஆகவே புதிய வழி அவர்களுக்குப் பிடித்துவிட்டது. படக்கதை மட்டுமே விற்கும் தனிக் கடைகள் ஊருக்கு ஊர் தோன்றின. அழிய இருந்த தொழில் பிழைத்தது.

பிழைத்தது, ஆனால் ஒரு பலியும் கொடுத்தது.

விற்காத பிரதி கடைக்காரர் தலையில்தான் விழும். அவர் என்ன செய்வார்? தெரிந்த வாடிக்கையாளர் கேட்பதை மட்டும் வாங்கி வைப்பார். புதுப் புத்தகத்தை வாங்கப் பயப்படுவார். அந்தக் கடைக்குள் போகிறவர் யார்? ஏற்கெனவே ரசிகராக இருப்பவர். மருந்து வாங்கப் போகும் அம்மா அந்தக் கடைக்குள் நுழையமாட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையும் நுழையாது.

கதைகளும் மாறின. ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டன. இந்த மாதக் கதை புரியவேண்டுமானால் பத்து ஆண்டுக் கதை தெரிந்திருக்க வேண்டும். பழைய ரசிகருக்கு அது விருந்து. புதியவருக்கு அது மூடிய கதவு.

80 லட்சம் பிரதி! வாசகர் எத்தனை பேர்?

1991-ஆம் ஆண்டு ஓர் அதிசயம் நடந்தது. "எக்ஸ்-மென்" என்ற படக்கதையின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது!

80 லட்சம் புதிய வாசகர்களா? இல்லை. அந்த ஒரே இதழை ஐந்து விதமான அட்டைகளில் வெளியிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த கதை ஒன்றுதான். ஒரே ஆள் ஐந்து அட்டையையும் வாங்கினார். இன்னொருவர் கட்டுக் கட்டாக வாங்கினார். "பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போகும்" என்ற ஆசை! பிரித்தால் விலை குறையும் என்று சிலர் பிரிக்கவே இல்லை.

எல்லோரிடமும் இருக்கும் பொருளை யார் விலை கொடுத்து வாங்குவார்? ஆசை கலைந்தது. கடைகள் வரிசையாக மூடப்பட்டன. அந்தப் புத்தகத்தை வெளியிட்ட "மார்வெல்" கம்பெனியே 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது.

வாங்குகிறவர் எல்லாம் வாசகர் அல்ல. பிரதிக் கணக்கு வேறு. வாசகர் கணக்கு வேறு. இந்தப் பாடத்துக்கு அமெரிக்கப் படக்கதைத் தொழில் கொடுத்த விலை மிகப் பெரியது.

ஐஸ்கிரீம் தந்த யோசனை

கலிபோர்னியாவில் ஜோ ஃபீல்டு என்று ஒரு படக்கதைக் கடைக்காரர். ஒரு நாள் பக்கத்து ஐஸ்கிரீம் கடையில் நீண்ட வரிசை நிற்பதைப் பார்த்தார். "என்ன கூட்டம்?" என்று விசாரித்தார். அன்று அங்கே ஐஸ்கிரீம் இலவசம்!

"படக்கதையையும் ஒரு நாள் இலவசமாகக் கொடுத்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது. எழுதினார், வற்புறுத்தினார். பதிப்பாளர்கள் இணங்கினார்கள்.

2002-ஆம் ஆண்டு மே 4. முதல் "இலவசப் படக்கதை நாள்". அதற்கு முதல் நாள்தான் "ஸ்பைடர்-மேன்" சினிமா வெளிவந்திருந்தது. படம் பார்த்த குழந்தைகள் கடைக்கு வந்தார்கள். கடைக்காரருக்கு அந்தப் பிரதிகள் இலவசம் அல்ல. சிறு தொகை கொடுத்துத்தான் அவர் வாங்கினார். ஆனாலும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். வருஷம்தோறும், பெரும்பாலும் மே மாதத்தில், அந்த நாள் திருவிழாவாக ஆனது.

நல்ல காரியம். சந்தேகம் இல்லை. இலவசமாக ஒன்று வாங்க வந்தவர், காசு கொடுத்து ஒன்று வாங்கிப் போனதும் உண்டு. ஆனால் அந்தத் திருவிழாவிலும் ஒரு குறை இருந்தது. வாசகர் கடையைத் தேடி வரவேண்டும். ஊரில் அப்படி ஒரு கடையே இல்லாவிட்டால்?

கதை அதேதான், இடம்தான் வேறு

விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

ஜெஃப் ஸ்மித் என்ற ஓவியர் "போன்" என்ற படக்கதையை 1991 முதல் 2004 வரையில் எழுதி வரைந்தார். கறுப்பு வெள்ளைப் படங்கள். படக்கதைக் கடைகளில் விற்றது. பெரியவர்கள் படித்துப் பாராட்டினார்கள்.

2005-இல் "ஸ்கொலாஸ்டிக்" என்ற பதிப்பகம் அந்தக் கதையை எடுத்துக்கொண்டது. அது பள்ளிக்கூடங்களில் புத்தகச் சந்தை நடத்தும் நிறுவனம். படங்களுக்கு வண்ணம் கொடுத்தது. கெட்டியான புத்தகமாகக் கட்டியது. பள்ளிக்குக் கொண்டுபோயிற்று. நூலகங்களில் வைத்தது.

என்ன ஆயிற்று? கடைக்கு வராத குழந்தைகள் எல்லாம் அதே கதையை எடுத்துப் படித்தார்கள்! கதை மாறவில்லை. கிடைக்கும் இடம் மாறியது. அவ்வளவுதான்.

கதவு ஒன்று திறந்தது. அதன் வழியாகப் பலர் வந்தார்கள்.

2010-இல் ரெய்னா டெல்கமையர் என்ற பெண் ஓவியர் "ஸ்மைல்" என்ற படக்கதையை வெளியிட்டார். கதையில் பறக்கும் வீரன் இல்லை. துப்பாக்கி இல்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி தடுக்கி விழுகிறாள். முன்பற்கள் இரண்டு போய்விடுகின்றன. பல் மருத்துவரிடம் நடையாய் நடக்கிறாள். தோழிகள் கேலி செய்கிறார்கள். இவ்வளவுதான் கதை. அவருடைய சொந்தக் கதை! "படக்கதை பையன்களுக்குத்தான்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிறுமிகள் அந்தப் புத்தகத்தை விரும்பி வாங்கி அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார்கள்.

டேவ் பில்கி என்பவரின் கதை இன்னும் உருக்கமானது. சின்ன வயதில் அவருக்கு எழுத்துகளைப் படிப்பதே சிரமம். ஓர் இடத்தில் உட்கார முடியாது. வகுப்பில் ஆசிரியர் அடிக்கடி அவரை வெளியே உட்கார வைத்துவிடுவார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து படக்கதை வரைந்தார். பின்னாளில் அவரே உலகப் புகழ் பெற்ற குழந்தை எழுத்தாளர் ஆனார். 2016-இல் அவர் வெளியிட்ட "டாக் மேன்" படக்கதையில் வரும் போலீஸ்காரருக்கு நாயின் தலை, மனிதனின் உடல்! படிக்கத் திணறும் பிள்ளைகள்கூட அதைக் கீழே வைப்பதில்லை.

2020-இல் அமெரிக்காவின் உயர்ந்த குழந்தை இலக்கியப் பரிசான நியூபெரி பதக்கம், ஜெர்ரி கிராஃப்ட் எழுதிய "நியூ கிட்" என்ற படக்கதைக்குக் கிடைத்தது. 1922 முதல் கொடுக்கப்பட்டுவரும் அந்தப் பதக்கத்தை ஒரு படக்கதை பெற்றது அதுவே முதல் தடவை. ஒரு காலத்தில் தீயில் போட்டதற்கு இன்று மாலை போட்டார்கள்!

தமிழ்நாட்டில் என்ன நிலை?

இதே வண்டிதான் தமிழ்நாட்டிலும் ஓடியது.

அமெரிக்காவைப் போலவே இங்கேயும் பத்திரிகை வழியாகப் படக்கதை பரவியது. 60 ஆண்டுகளுக்கு மேலாகத் தினத்தந்தியில் "கன்னித்தீவு" வருகிறது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் பத்திரிகையைப் பிரித்தால், பக்கத்தில் இருப்பவர் சிந்துபாத் என்ன ஆனான் என்று எட்டிப் பார்ப்பார். அதற்குத் தனியே காசு கிடையாது. தனிக் கடையும் கிடையாது.

1972-இல் சிவகாசியில் "முத்து காமிக்ஸ்" பிறந்தது. முதல் புத்தகம் "இரும்புக்கை மாயாவி". மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் தெரியும்! இங்கிலாந்தில் பிறந்த அந்த மாயாவி தமிழ்நாட்டுச் சிறுவர்களின் சொந்தக்காரன் ஆனான். 1984-இல் "லயன் காமிக்ஸ்" வந்தது. அதே ஆண்டு வந்த "ராணி காமிக்ஸ்" 2005 வரையில் நடந்தது. பம்பாயில் அனந்த் பை 1967-இல் தொடங்கிய "அமர் சித்திரக் கதை", புராணமும் வரலாறும் சொல்லிப் பெற்றோரின் பயத்தைப் போக்கியது. "படிக்காதே" என்று சொன்ன வீட்டிலேயே "இதைப் படி" என்று வாங்கிக் கொடுத்தார்கள்.

அன்று படக்கதை பஸ் நிலையக் கடையில் தொங்கியது. பெட்டிக்கடையில் தொங்கியது. வாடகை நூலகத்தில் கிடைத்தது. ஒரு பிரதியைப் பத்துப் பேர் படித்தார்கள்.

இன்று? தமிழ்ப் படக்கதை சாகவில்லை. சிவகாசியிலிருந்து இன்றும் வருகிறது. நல்ல தாள், நல்ல அச்சு, நல்ல வண்ணம். ஆனால் பெரும்பாலும் சந்தா கட்டியவர் வீட்டுக்குப் போகிறது. அல்லது புத்தகக் கண்காட்சியில் விற்கிறது. ஆவலோடு வாங்குகிறவர்களில் பலர், பள்ளி நாளில் மாயாவியைப் படித்தவர்கள். இன்று தலை நரைத்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் தொழிலே இல்லை. அந்த அன்பைக் குறை சொல்லக்கூடாது.

ஆனால் அப்பா படிக்கிறார். பிள்ளை படிக்கிறதா? அதன் கையில் செல்போன் அல்லவா இருக்கிறது!

"செல்போன்தான் கெடுத்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அமெரிக்கப் பிள்ளையின் கையிலும் செல்போன் உண்டு. அங்கே பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் போயிற்று, பிள்ளை படித்தது. இங்கே பிள்ளையின் கண்ணில் படக்கதை படவே இல்லை. பார்க்காத பண்டத்துக்கு நாக்கு எப்படி ஊறும்?

எழுத்துக் கூட்டுவோருக்கு ஏணி

இது வெறும் வியாபாரப் பிரச்சினை அல்ல. படிப்புப் பிரச்சினை.

புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவர் நிலையைப் பாருங்கள். அவர் சிறு பிள்ளையாக இருக்கலாம். ஐம்பது வயதில் அறிவொளி பெற்ற தாயாகவும் இருக்கலாம். பக்கம் முழுதும் எழுத்தாக இருந்தால் அவருக்கு மலைப்பாக இருக்கும். ஒரு சொல் புரியாவிட்டால் அங்கேயே வண்டி நின்றுவிடும்.

படக்கதையில் வண்டி நிற்காது. யார் பேசுகிறார்கள் என்பதைப் படம் சொல்லும். கோபமா, அழுகையா என்பதை முகம் சொல்லும். பேச்சு நாலைந்து சொற்கள்தான். "கதவைத் திற!" என்று எழுதியிருக்கிறது. "திற" என்ற சொல் தெரியாவிட்டாலும் படத்தில் கதவு இருக்கிறது. தட்டும் கை இருக்கிறது. சொல் தானாகப் புரிந்துவிடும். அடுத்த பக்கத்தில் அதே சொல் வந்தால் இனிமேல் அது பழகிய சொல்.

ஒரு பக்கம் படித்து முடித்தோம் என்ற மகிழ்ச்சி இருக்கிறதே, அது பெரிய மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிதான் அடுத்த பக்கத்தைப் புரட்டவைக்கும். படக்கதை படித்தவர் பிறகு சிறுகதைக்குப் போவார், நாவலுக்குப் போவார், வரலாற்றுக்கும் போவார். முதல் படி இல்லாத ஏணியில் யார் ஏறுவார்?

செய்ய வேண்டியது என்ன?

பதிப்பாளர்கள் பழைய ரசிகர்களுக்குக் கனமான பதிப்புகள் போடட்டும். கூடவே மெல்லிய புத்தகமும் போடவேண்டும். ஒரு சிறுமி தன் உண்டியலை உடைத்து வாங்கக்கூடிய விலை வேண்டும். கதை அந்தப் புத்தகத்திலேயே முடியவேண்டும். எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும். பேச்சு, வீட்டில் பேசும் தமிழாக இருக்கவேண்டும்.

அயல்நாட்டு வீரர்கள் வரட்டும், வரவேற்போம். கூடவே தமிழ்நாட்டுப் பள்ளியும், தமிழ்நாட்டுத் தெருவும், தமிழ்நாட்டுச் சிறுமியும் வரவேண்டும். பல் உடைந்த கதை அமெரிக்காவில் விற்றது என்றால், சைக்கிள் ஓட்டக் கற்ற கதை இங்கே விற்காதா? எழுதவும் வரையவும் இளைஞர் பலர் உண்டு. அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கவேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பின் மூலையில் ஒரு கயிறு கட்டலாம். அதில் பத்துப் படக்கதைகளைத் தொங்கவிடலாம். "பாடம் முடித்தவர் எடுக்கலாம்" என்று சொன்னால் போதும். எந்தக் கட்டத்தை முதலில் படிப்பது, எதை அடுத்துப் படிப்பது என்று ஒரு தடவை விரல் வைத்துக் காட்டவேண்டும். அதுவும் கற்றுக் கொடுக்க வேண்டியதுதான்.

பொது நூலகச் சட்டத்தை 1948-இலேயே கொண்டுவந்த மாநிலம் இது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதல் சட்டம். ஊர் நூலகங்களில் குழந்தைகள் எட்டும் உயரத்தில் படக்கதைக்கு ஓர் அலமாரி வேண்டும். பூட்டு வேண்டாம். கசங்கட்டும், கிழியட்டும். கிழிந்த புத்தகம்தான் படித்த புத்தகம்!

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் பழைய படக்கதைகளைக் கட்டிப் பரணில் வைத்திருக்கும் அப்பாக்கள் எத்தனையோ பேர். கட்டை அவிழ்க்கவேண்டும். ஒரு புத்தகத்தை எடுத்துப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரவேண்டும். மாயாவி பேசுவதை அப்பா படிக்கட்டும். வில்லன் பேசுவதைப் பிள்ளை படிக்கட்டும். அம்மாவும் பாட்டியும் கேட்கட்டும்.

புதிய வாசகர் எங்கோ தொலைதூரத்தில் இல்லை. அவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். பஸ் நிலையத்தில் இருக்கிறார். நூலக வாசலில் இருக்கிறார். ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் இருக்கிறார். அவர் வந்து தேடுவார் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். புத்தகம்தான் அவரைத் தேடிப் போகவேண்டும்.

போகுமா? பதிப்பாளர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் மனம் வைத்தால், போகும்!